கழிவு

பகாவ் பேருந்து நிலையத்துக்கு எதிரே
டயர்க் கடையின் மேல்மாடி.
கீழே சக்கரங்களைக் கழற்றுகிறார்கள்.
மேலே நான் வாக்கியங்களை.

கார் கடன் படிவத்தில்
தொழில் என்ற கட்டத்துக்கு
வங்கிப் பெண்ணிடம் சொன்னேன்:
கருவிகளுக்கு எழுதிய விளக்கம்
இயந்திர முகவருக்குச் சரியாக வழிகாட்டுகிறதா
என்று சோதிப்பது.
அவள் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு
கிராணி என்று தட்டினாள்.
தப்பென்று சொல்ல முடியவில்லை.

செம்பனை ஆலையில் பதினெட்டுக் கருவிகள்:
எடைமேடை, கூலிக் கணக்கு, லோரி வரிசை,
கொதிகலன் அழுத்தம், கழிவுக் குளம்,
பெயரே நினைவில் நிற்காத மற்றவை.
முகவர் ஒரு குலையையும் தூக்கிப் பார்த்ததில்லை.
மாலை நாலு மணிக்கு ஊருக்குள் வரும்
அந்தப் புளித்த எண்ணெய் வாடை
அதற்குத் தெரியாது.
ஒவ்வொரு கருவியின் நெற்றியிலும்
நாங்கள் ஒட்டிவைத்த இரண்டு வரி,
அதுதான் அதற்கு ஆலை.
அந்த வரிகளில் இல்லாத கதவு
சுவர்தான்.

நாற்பது கேள்விகள் வைத்திருக்கிறேன்.
எடைமேடை ஜன்னலோரம் ஒரு வாரம் உட்கார்ந்து
வாய் சொன்னபடியே எழுதியவை.
"என் வண்டி எத்தனாவது?"
"ரெண்டாம் டிவிஷன்ல போன மாசம் எத்தன டன்னு?"
"மழை பேஞ்ச நாளுக்குக் காசு உண்டா இல்லையா,
அத மட்டும் சொல்லு."
கேள்வியைப் போடுவேன்.
எந்தக் கருவியை எடுக்கிறது,
எதை எடுக்காமல் விடுகிறது என்று பார்ப்பேன்.
ஒரே கேள்வியை ஐந்து தடவை போடுவேன்.
நாலு தடவை சரியாகச் சொல்லும்.
அந்த ஐந்தாவதுக்குத்தான் எனக்குச் சம்பளம்.

சோதனை ஓட்டத்தின் மூன்றாம் நாள்
லோரிக்கார வடமலை கேட்டிருக்கிறார்:
"கழிவு எவ்ளோ போட்டீங்க?"

காய்க்குலைக்கு எடையில் பிடிப்பதைக் கேட்டார்.
தீபாவளித் துணிக்கடைத் தட்டியில்
இருபது விழுக்காடு என்று எழுதுகிறார்களே, அந்தச் சொல்.
முகவர் பணிவாகப் பதில் சொன்னது:
"மூன்றாம் குளத்தில் நானூற்றிருபது கன மீட்டர்."

"அவ்ளோவா?"

"ஆம்."

பதிவு அத்தோடு முடிகிறது.
அடுத்த வரியில் அவருடைய லோரி
வாசலைக் கடந்த நேரம், 5:52.

ஹஸ்லினா சிரித்தாள், நானும்தான்.
பிறகு விளக்கத்தைத் திறந்து பார்த்தோம்:
"கழிவு விவரங்களைத் தரும்."
எழுதியது நான்.
சுருக்கம், தெளிவு, பிழையில்லை என்று
முழு மதிப்பெண் போட்டதும் நான்.
படிக்க அழகாக இருந்தது.
படிப்பவருக்கு ஏற்கனவே தெரிந்திருந்தால்
எதுவும் தெளிவாகத்தான் இருக்கும்.

திருத்தினேன்.
"ஆலையிலிருந்து வெளியேறும் நீர்க்கழிவின் அளவு.
லோரி எடையில் பிடிப்பதற்கு இதை அழைக்காதே.
அதற்கு எடைமேடை."
அழகு போய்விட்டது.
இருபத்தொன்பது முப்பத்தாறானது.

மறுநாள் முப்பத்தைந்து.
குளத்துச் சேற்றை அள்ள வரும் டேங்கரும்
லோரிதானே என்று யோசித்ததாம்,
அதை எடைமேடைக்கு அனுப்பிவிட்டது.
ஒரு சொல்லுக்கு வேலி போட்டால்
பக்கத்துச் சொல் வழி கேட்டு நிற்கிறது.

போதுமா என்று மலாயில் கேட்டாள் ஹஸ்லினா.
வெள்ளிக்கிழமை, ஐந்தரை மணி,
அவளுக்குக் குவாலா பிலா வரை ஓட்டவேண்டும்.
நீ போ என்றேன்.

நாற்பத்தோராவது கேள்வியாகச் சேர்த்தேன்:
"அவ்ளோவா?"
பதினெட்டில் எதற்கும் சொந்தமில்லாத கேள்வி.
எதையும் அழைக்காதே,
சொன்னதைத் திரும்பிப் பார்,
அவர் எதைக் கேட்டார் என்று அவரையே கேள்.
இதை எந்தக் கருவியின் நெற்றியில் ஒட்டுவது?

எதிர்பார்க்கும் விடை என்ற கட்டம்
இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.
கீழே யாருக்கோ காற்றடிக்கிறார்கள்.
போதும் போதும் என்று கத்துவது
வடமலை குரல் மாதிரியே இருக்கிறது.
எட்டிப் பார்த்தேன்.
வேறு யாரோ.