பத்துக்கு எவ்வளவு

ட்ரோம்சோவில் நவம்பர். பகல் இரண்டு மணிக்கே
ஆய்வகச் சன்னல் இருட்டிவிட்டது.
பனிக்கட்டி மிதக்கும் வாளிக்குள்
மணிக்கட்டு வரை கை.
கடிகாரத்தைப் பார்ப்பது என் வேலை.

போன வாரம் தூர்பியோர்க்கிடம் வாசித்த தாள்:
வலியை நினைக்காதீர்கள்.
நாற்பத்தோரு வினாடி. கையை உருவிக்கொண்டு
துறைமுகத்துக் கெட்ட வார்த்தை ஒன்றை உதிர்த்தார்.
இருபது வருடம் காட் மீனைக் கூறுபோட்ட கை அது.

இன்று வேறு தாள்.
வலி வரட்டும், துரத்த வேண்டாம்.
எங்கே குத்துகிறது, எங்கே மரத்துப்போகிறது என்று
பார்த்துக்கொண்டு மட்டும் இருங்கள்.

மூன்று நிமிடம்.
அதற்குமேல் அனுமதி இல்லை, நான்தான் எடுக்கச் சொன்னேன்.

"பத்துக்கு எவ்வளவு வலி?"
"ஒன்பது."
"போன வாரமும் ஒன்பதுதான்."
"வலி அதேதான். நான்தான்
மல்லுக்கு நிற்கவில்லை."

படிவத்தில் அதற்குக் கட்டம் கிடையாது.
ஓரத்தில் பென்சிலால் எழுதினேன்.

சிவந்த விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தபடி கேட்டார்:
"மகன் போய் நாலு வருஷம்.
அவன் வண்டிச் சாவி இன்னும் என் மேலங்கிப் பையில்.
தொட்டதில்லை.
அதற்கும் இது செல்லுமா?"

தெரியாது என்றேன்.
எங்கள் ஆய்வு வாளியைத் தாண்டிப் போனதில்லை.
எனக்கும் தொடாத பைகள் உண்டு என்பதைச் சொல்லவில்லை.

மேலங்கியை மாட்டினார்.
வலது கையைப் பைக்குள் விட்டார்.
சின்னதாய் ஓர் உலோகச் சத்தம்.
முகம் ஒன்பதுக்குப் போனது.

படியிறங்கி, பனியில் தெரு விளக்கைக் கடக்கும்வரை
சன்னலில் நின்று பார்த்தேன்.
கையை வெளியே எடுக்கவில்லை.