பார்த்து எழுதியது

மதுரையிலிருந்து வந்த ஆய்வு மாணவி
மெக்கானிக்கல் மூன்றாம் ஆண்டில்
ஆளுக்கொரு தாள் கொடுத்தார்.
பெயர் வேண்டாம், வயது போதும்,
பதில்களில் சரி தப்பு கிடையாது என்றார்.
சரி தப்பு இல்லாத தாளை
நாங்கள் அதுவரை பார்த்ததில்லை.

கடந்த இரண்டு வாரங்களில்
என்றே தொடங்கின எல்லாக் கேள்விகளும்.
எதிரே நான்கு கட்டங்கள்:
ஒருபோதும் இல்லை, சில நாட்கள்,
பாதி நாட்களுக்கு மேல், ஏறக்குறைய தினமும்.

தூக்கம் வருவதில் சிரமம் உண்டா?

மூன்று மணிக்கு அப்பா கடலுக்குக் கிளம்பும்போது
என் அறையில் லைட் எரிகிறது.
படிக்கிறியா என்கிறார். ம் என்கிறேன்.
எண்ணெய்க் கேனைச் சத்தமில்லாமல் தூக்கிக்கொண்டு
கதவை ஒருக்களித்துச் சாத்திவிட்டுப் போகிறார்.
புத்தகம் திங்கட்கிழமையிலிருந்து
நூற்றுப் பதினேழாம் பக்கத்தில் கிடக்கிறது.
கரையில் என்னைப் பற்றிச் சொல்லிக்கொள்வாராம்,
பய தூங்குறதே இல்ல.

ஒருபோதும் இல்லை. டிக்.

ஒரே விஷயம் திரும்பத் திரும்ப மனத்தில் ஓடுகிறதா?

ஓடவில்லை அக்கா, நிற்கிறது.
வைவாவில் வெளியிலிருந்து வந்தவர்
பாய்சான் விகிதம் என்றால் என்ன என்றார்.
தெரியும். வாய் திறக்கவில்லை.
பதினோரு நொடி இருக்கும்.
அது நடந்தது மே மாதம்.
இப்போது வாடைக்காற்றே தொடங்கிவிட்டது,
அவர் இன்னும் பேனாவை மூடவில்லை.
அந்தப் பதினோரு நொடியால் அரியர்,
அரியர் விழுந்தால் கேம்பஸில் பெயர் வராது,
வராவிட்டால் கல்விக் கடன்,
கடனுக்கு வள்ளத்தின் எஞ்சின்,
எஞ்சின் போனால் அப்பா இன்னொருத்தர் வள்ளத்தில் கூலிக்கு,
கூலிக்குப் போனவர் ஒரு கச்சான் நாளில்

இத்தனைக்கும் அந்தப் பாடத்தில் நான் பாஸ்.
ஐம்பத்தெட்டு.
மார்க் ஷீட் பையிலேயே இருக்கிறது.
கணக்கு மட்டும் தினமும் புதிதாகத் தொடங்கி
கரையில் தனியாகக் கிடக்கும்
அப்பாவின் செருப்பில் முடிகிறது.

ஒருபோதும் இல்லை.

மூக்கையூரிலிருந்து வரும் பஸ்
ஏர்வாடி வழியாகத்தான் வரும்.
அந்த நிறுத்தத்தில் ஏறுகிறவர்களில்
யார் கூட்டிவந்தவர், யார் கூட்டிவரப்பட்டவர் என்று
பஸ் முழுக்க முகம் முகமாகத் தேடும்.
போன கிறிஸ்துமஸுக்கு
பாதிச் சோற்றில் நான் எழுந்தபோது
இவன ஏர்வாடியில எறக்கி விட்டுருவமா என்றார் சித்தப்பா.
எல்லாரும் சிரித்தார்கள்.
நான்தான் கடைசிவரை சிரித்தேன்.
அதிலிருந்து அந்த நிறுத்தம் வந்தால்
செல்லை எடுத்துக் குனிந்துகொள்கிறேன்,
சார்ஜ் இல்லாத நாளிலும்.

ஒன்பது கேள்விகள், ஒன்பது டிக்,
ஸ்கேல் வைத்ததுபோல் ஒரே வரிசையில்.
பக்கத்தில் நைனா முகமது எட்டிப் பார்த்து
அப்படியே இறக்கிக்கொண்டிருந்தான்.
முதல் செமஸ்டரிலிருந்து அவன் அப்படித்தான்.

சாயங்காலம் நிறுத்தத்தில் என்னோடு நின்றான்.
அவன் வீடு கீழக்கரையிலேயே,
நடந்தால் பத்து நிமிஷம்.

அதைப் போயி ஏண்டா பாத்து எழுதுன என்றேன்.
பை ஜிப்பைத் திறந்தான், மூடினான்.
என்னுத எழுதுனா மாட்டிக்குவேன்ல.

மீன் லாரி ஒன்று ஐஸ் தண்ணீர் ஒழுகப் போனது.
ரோட்டில் அதன் கோடு காயும்வரை
இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

நானும் பாத்துத்தாண்டா எழுதுனேன்.

யாரப் பாத்து என்று அவன் கேட்கவில்லை.
பஸ் வந்ததும் எனக்கு முன்னால் ஏறி
மூக்கையூர் ரெண்டு என்றான்.
திரும்பி வர எதுவும் இருக்காதுடா என்றேன்.
பாத்துக்கலாம் என்றான்.

ஏர்வாடியில் ஓர் அம்மாவும் மகனும் ஏறினார்கள்.
எங்கள் வயதுதான் இருக்கும் அவனுக்கு.
கையில் தண்ணீர் பாட்டிலை
குழந்தையைப் போல் அணைத்திருந்தான்.
நைனா நகர்ந்து இடம் விட்டான்.
செல் என் பையிலேயே இருந்தது.

ஜன்னல் வேணும் என்றான்,
நேராக என் முகத்தைப் பார்த்து.
எழுந்து கொடுத்தேன்.