பற்று வரவு

கண்ணில் படும் முன்பே
மூக்குக்குத் தெரிந்துவிடும் அந்தக் கப்பல்.
திமிங்கிலக் கொழுப்பு உருக்கிய புகை
பாய்த்துணி வரைக்கும் ஊறியிருக்கும்.
பன்றிகளின் காலைக் கட்டி,
உருளைக்கிழங்குக் கூடைகளை அடுக்கி
எல்லாத் தோணிகளும் கிளம்பின.
நான் வெறுங்கையோடு போனேன்,
தம்பியைக் கூட்டிவர.

குராதாஹி.
ஈட்டி எறிவதில் கை தவறாதவன்,
பொய் சொல்வதில் வாய் தவறாதவன்.
பொஹுதுகாவா சிவக்கையில் வந்துவிடுவேன் என்று
‘லவினியா’வில் ஏறினான்.
மரம் இரண்டு முறை சிவந்தது.

கவிழ்த்த பீப்பாயின் மேல்
கப்பல்தலைவர் ஸ்வேல்ஸ் ஒரு புத்தகத்தை விரித்தார்.
எழுத்தர் பையன் படித்தான்:
ஜாக் மண்டே.
அது யார் என்றேன்.
உங்கள் ஆள்தான், திங்கட்கிழமை ஏறினான்,
அதனால் அந்தப் பேர்.

போர்ட் ஜாக்சன் போய்வந்த தோரியா
ஒவ்வொரு வரியாக எங்கள் பேச்சில் சொன்னான்.
காலணி ஒரு ஜோடி.
புகையிலை பதினோரு ராத்தல்.
தொலைத்த கத்தி.
நீலக் கட்டம் போட்ட சட்டை, எட்டு ஷில்லிங்.
தெற்கே பனிப்பாறை மிதக்கும் கடலில்
ஓடுகிற கயிறு காலைச் சுற்றி
அவனையும் கொண்டுபோனதாம்.
இதைப் புத்தகத்தைப் பார்க்காமலே சொன்னார் தலைவர்.
அதற்கு அங்கே வரி இல்லை.

வரவில் நின்றது நான்கு ஷில்லிங்.
கூடவே அந்தச் சட்டை.
அக்குளில் இன்னும் அவன் வியர்வை இருந்தது.

அன்று மாலையே
மாமன் தெ ஹாவிரா ஒரு கழியை வெட்டி
ஓடை கடலில் விழும் இடத்தில் நட்டு
சட்டையை அதன் உச்சியில் கட்டினார்.
தாபு.
இனி அந்த நீரை யாரும் தொடக்கூடாது,
நாங்களும்தான்.

நாற்பது பீப்பாய்கள் வாயைப் பிளந்து
மணலில் கிடந்தன.
முதல் நாள் மாலுமிகள் சிரித்தார்கள்.
இரண்டாம் நாள் மழை வருமா என்று பார்த்தார்கள்.
அவர்களிடம் துப்பாக்கிகள் இருந்தன;
எங்களிடமும், போன கப்பல் விற்றவை.
குழந்தைகள் மலைக்கு அப்பால் போய்
சுரைக்குடுக்கையில் தண்ணீர் கொண்டுவந்தார்கள்.
அழுவதற்குக்கூட எனக்கு நேரமில்லை,
நானும் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்:
போன வருஷம் எடுத்த தண்ணீர்,
பாய்மரத்துக்கு வெட்டிய கஹிகாத்தேயா,
காய்ச்சலில் செத்த அவர்கள் தச்சனுக்கு
எங்கள் குன்றில் கொடுத்த ஆறடி.

மூன்றாம் நாள் ஸ்வேல்ஸ் படகில் வந்தார்,
தொப்பியைக் கையில் பிடித்தபடி.
மாமன் இரண்டு துப்பாக்கியும்
ஒரு மிடா வெடிமருந்தும் கேட்டு வாங்கினார்.
உனக்கு என்ன வேண்டும் என்றார்கள்.
அந்தப் பக்கம், என்றேன்.

கிழிக்கும்போது பையனின் கை நடுங்கியது.
ஜாக் மண்டேயை அடித்துவிட்டு
அவன் பேரை எழுதச் சொன்னேன்.
குராதாஹி.
மறுபடி சொல் என்றான்.
மறுபடி சொன்னேன். மறுபடியும்.
அவ்வளவு மெதுவாக அந்தப் பேரை
நான் அதுவரை சொன்னதில்லை.

எலும்பு வைக்கும் குகையில்
எலும்புக்குப் பதில் அந்தத் தாள் இருக்கிறது.
அவன் எழுதியது என் தம்பி பேர்தானா,
நான் அறியேன்.
படகு ஏறும் முன் அந்தப் பையன்
தோரியாவின் காதில் ஏதோ சொன்னான்:
கூட்டலில் மூன்று ஷில்லிங் பிழையாம்,
அவர்கள் பக்கம்.