இருக்கலாம்

ஒவுலுவில் மூன்று மணிக்கே இருட்டிவிட்டது.
சதுப்பில் அள்ளிய பாக்டீரியாவின்
முந்நூற்றுப் பன்னிரண்டு எழுத்துகளைத்
தேடல் கட்டத்தில் ஒட்டிவிட்டு
ஆறிய காப்பியைக் குடித்தாள் ஐலி.

நாற்பது பொருத்தங்கள்.
திமிங்கலக் குடலில், சிலியின் உப்பளத்தில்,
யாரோ ஒருவரின் பல்லிடுக்கில்கூட.
எல்லாவற்றிலும் ஒரே வரி:
இரும்பைக் கடத்தும் புரதம்.

அவள் சோதனைக் குழாயில் அது
மூன்று மாதமாக எதையும் கடத்தவில்லை.

யார் சொன்னது?
பதிவுக்குப் பதிவு பின்னால் போனாள்.
ஏழாவது சொடுக்கில்,
பதினோரு வருடத்துக்கு முந்தைய கோடையில்
பேருந்தைப் பிடிக்கும் அவசரத்தில்
ஒரு மாணவி தட்டிவிட்டுப் போனது:
இரும்பைக் கடத்தும் புரதமாக இருக்கலாம்.

பதித்தவர்: ஐ. கெத்தோலா.
அவளேதான்.

நகலுக்கு நகல் தாவியதில்
அந்த 'இருக்கலாம்' மட்டும் எங்கோ
உதிர்ந்திருக்கிறது.

திருத்தப் படிவத்தைத் திறந்தாள்.
முதல் கேள்வி:
பதித்தவருக்கு நீங்கள் என்ன உறவு?