போலாம் ரைட்

தட்டுவடை செட் கடைக்கு மேலே
எங்கள் ஜிம்.
பீட்ரூட்டும் பூண்டுச் சட்னியும் கலந்த வாசம்
மாலை ஐந்துக்குப் படியேறி வந்து
டம்பல்ஸ் அடுக்கில் உட்கார்ந்துகொள்ளும்.

வாசத்தின் பின்னாலேயே வந்தார் அர்த்தநாரி.
காக்கிச் சட்டை. நாற்பத்தெட்டு வயது.
சேலம் ஏற்காடு தடத்தில் நடத்துநர்.
"மாஸ்டர் இல்லீங்களா?"
"நான்தாங்க. பௌசியா."
சுவரைப் பார்த்தார்.
சுவரில் இருந்த ஆணழகன்
ஒன்றும் உதவவில்லை.

படிவத்தை நீட்டினேன். ஏழு கேள்வி.
நெஞ்சு வலி உண்டா,
மயக்கம் வந்ததுண்டா,
மூட்டு, சர்க்கரை, தினசரி மாத்திரை...
மெஷின் வந்து டிக்கெட் கிழிப்பது போனபின்னும்
விரலுக்கு அந்த வேகம் போகவில்லை.
இல்லை இல்லை இல்லை,
ஏழும் இல்லை.
பேனாவைக் காதில் செருகிக்கொண்டார்,
என் பேனாவை.
"போலாம் ரைட்."

கையில் பட்டையைச் சுற்றினேன்.
நூற்று அறுபத்தெட்டு.
"படியேறி வந்தேன்ல, அதானுங்க."
இருக்கலாம்.
பத்து நிமிடம் உட்காரச் சொன்னேன்.

புதியவரிடம் சிரி, பெயர் சொல்லிக் கூப்பிடு,
கண்ணைப் பார்த்துப் பேசு
என்று பயிற்சியில் சொல்லித் தந்திருந்தார்கள்.
அவர் கண் கடிகாரத்தில் இருந்தது.
நான் பஸ்ஸைப் பற்றிக் கேட்டேன்.

"இருபது கொண்டை ஊசிங்க.
எட்டாவதுல பிள்ளைங்க வாந்தி எடுக்கும்,
பையில எலுமிச்சம்பழம் வச்சிருப்பேன்.
மிளகு மூட்டைக்கு லக்கேஜ் போடுன்னா
சீட்டு ஏறி நின்னு சண்டை.
ஒருக்கா ஒருத்தர் ஆட்டுக்குட்டிக்கு
அரை டிக்கெட் கேட்டாருங்க..."
"நீங்க எங்க உட்காருவீங்க?"
"எங்க உட்கார!
பதினேழாவது வளைவுல மட்டும்
கம்பி புடிச்ச இடது கை கல்லாட்டம் ஆயிடும்,
தாடை வரைக்கும் இழுக்கும்.
பின்படியில ரெண்டு நிமிஷம் குந்துனா
சரியாப் போயிரும்.
தை மாசத்துல இருந்து."

கீழே யாரோ தட்டுவடையை நொறுக்கினார்கள்.

இன்னொரு தரம் பட்டை. நூற்று அறுபத்தாறு.
படிவத்தைத் திருப்பி வைத்து
முதல் கேள்வியில் விரல் வைத்தேன்.
"அது நெஞ்சைத்தானே கேக்குது?
இது கைங்களே."

பொய் சொல்லவில்லை அவர்.
படிவத்துக்குத்தான்
கையைக் கேட்கத் தெரியவில்லை.

"இன்னைக்கு எடை வேண்டாம்ணா.
இப்பவே ஜி.எச். போங்க.
இதே வார்த்தைய டாக்டர்கிட்ட சொல்லுங்க.
கை, தாடை, பதினேழு, எல்லாம்."
"மூணு மாசத்துக்குப் பணம் கட்டியிருக்கேன்!"
"நாள் ஓடாது. நிறுத்தி வைக்கிறேன்."
"ஏத்தாமயே எறக்கி விடறீங்க."
"டிக்கெட் இல்லாம நீங்க ஏத்துவீங்களா?"

அப்போதுதான் சிரித்தார்.
சிரித்துக்கொண்டே போனார்,
பேனாவோடு.

இரண்டு முறை அழைத்தேன். எடுக்கவில்லை.
வந்த ஆளை விரட்டிட்டியேம்மா என்றார் முதலாளி.
சிமென்ட் நிறத்தில் சேர்வராயன் மலை
ஜன்னலில் நின்றது, தினமும்.
ஏறும் பஸ்ஸின் விளக்கு
இரவில் தெரியும்; எண்ணமாட்டேன் என்று நினைத்து
எண்ணுவேன்.

ஆறு வாரம் கழித்து ஒரு செவ்வாய்.
டிக்கெட் பைக்குள் மடித்த ஃபைல்.
ரத்தக் குழாயில் சின்னதாய் ஒரு வலை வைத்திருந்தார்கள்.
நடக்கலாம், மெதுவாக,
மற்றது அடுத்த பரிசோதனைக்குப் பிறகு,
டாக்டர் கையெழுத்து.
சட்டைப் பையில் நாக்கடி மாத்திரை,
காதில் என் பேனா.

புதுப் படிவம் கொடுத்தேன்.
இந்த முறை உட்கார்ந்தார்.
முதல் கேள்வியை உதடசைத்துப் படித்தார்.
"இதுல கையும் சேருமா?"
"சேரும்."
"தாடை?"
"எழுதுங்கண்ணா."

கட்டம் போதவில்லை.
தாளைத் திருப்பிப் போட்டு
அடிவாரத்தில் இருந்து தொடங்கினார்,
ஒவ்வொரு வளைவாக.
டிரெட்மில் அருகே அடுத்த ஆள்
கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

நிற்கட்டும்.
அவர் இன்னும் எட்டாவதில்தான் இருக்கிறார்.