பெயர் போன டின்கள்

சம்பளத்துக்கு மறுநாள் பகாவ் கடையில்
நெளிந்த டின்களுக்குத் தனிக் கூடை.
வயிறு நெளிந்தால் எடுப்பேன், எண்பது காசு மிச்சம்.
விளிம்பு மடங்கியதைத் தொடமாட்டேன்.
உப்பியதை ஓசியில் தந்தாலும் வேண்டாம்.

தகரக் கூரைச் சூடு எட்டாத
கட்டிலுக்கடியில் அடுக்கினேன், பழையது முன்னால்;
மூடியில் தேதி மட்டும், அழியாத மையில்.

நவம்பரில் முழங்காலளவு வெள்ளம்
தாள்களை உரித்துக்கொண்டு போனது.
சவுக்காரம் போட்டுக் கழுவினேன்.
தேதி இருக்கிறது. பெயர் இல்லை.

குலுக்கிப் பார்த்து
"சார்டின்தான்" என்றார் குணாளன்.
எண்ணெய் ஆலையில் எடை போடுகிற கை,
நம்பி வெங்காயம் வதக்கினேன்,
மிளகாய் விழுதும் போட்டாயிற்று.

திறந்தால்
லைச்சி.

சின்னவள் கரண்டியோடு வந்துவிட்டாள்.
அடுப்பைத் தணித்துவிட்டு
அடுத்த டின்னைக் குலுக்குகிறேன்,
காதோரம் வைத்து.