அறிவிப்புப் பலகைக்கு ஓர் ஆண்டறிக்கை

கேன்டீன் வாசலில் ஒட்டுவதற்கு
கம்பெனியின் ஆண்டறிக்கையைத்
தமிழில் சுருக்கித் தரச் சொன்னார்கள்.
நூற்றெண்பது பக்கம்.
பலகையில் இடம் இரண்டு தாளுக்கு,
அதிலும் பாதியை
யாரோ விற்கும் பழைய பைக் பிடித்திருக்கிறது.

முதல் வரி சுலபமாக வந்தது:
விற்றுமுதல் பதினெட்டு விழுக்காடு உயர்வு.

இரண்டாவது:
இவ்வாண்டு ஒப்படைத்த விமானங்கள் அறுநூற்றுப் பதினொன்று.
எழுதியபின் உறுத்தியது.
ஓசூரில், மூக்கண்டப்பள்ளி தாண்டிய இந்தக் கொட்டகையில்
விமானம் செய்தவர் ஒருவரும் இல்லை.
நாங்கள் செய்வது ஒரு கீல்.
சரக்கறைக் கதவுக்கு, டைட்டானியத்தில்,
உள்ளங்கை அகலம்.
விமானத்துக்கு எட்டு.
கால்குலேட்டரில் பெருக்கினேன்:
நாலாயிரத்து எண்ணூற்று எண்பத்தெட்டு
எந்தெந்த ஊர் மேலேயோ பறக்கின்றன.
நாம் அனுப்பியது ஐயாயிரத்து நூறு.
மீதி எங்கோ ஒரு கிடங்கில்
கதவு வரக் காத்திருக்கிறது.

அடுத்தது, கைவசமுள்ள ஆர்டர்.
நிலுவை என்று போட்டேன்.
கடன் என்று படித்துவிடுவார்கள்; அடித்தேன்.
ஒன்பது ஆண்டுகளுக்கான வேலை உறுதி, என்று மாற்றினேன்.
பதினோரு மாத ஒப்பந்தத்தில் நிற்கும் லகுமய்யா
இந்த வரியை இரண்டு முறை படிப்பார்.
மூன்றாவது முறை
என் மேசைக்கு வந்து படிப்பார்.

தேய்மானம்.
இந்தச் சொல்லுக்கு அகராதி தேவைப்படவில்லை.
ஜன்னல் வழியே மலைக்கோயில் தெரிகிறது.
சந்திரசூடேஸ்வரர் தலைப்பிறை
தேய்ந்தாலும் வளர வழியுண்டு.
ஐந்தச்சு எந்திரம் நான்குக்கு
அந்தச் சலுகையில்லை,
ஆண்டுக்குப் பத்து விழுக்காடு.

புறக்காரணங்களால் உற்பத்தி இழப்பு, நான்கு மணி நேரம்.
அறிக்கையில் அவ்வளவுதான்.
சானமாவு காட்டிலிருந்து ஏழு வந்து
குட்டியை நடுவில் விட்டு நெடுஞ்சாலையில் நின்றன.
சூளகிரி ஷிப்ட் பஸ்
விளக்கணைத்து, மூச்சடக்கிக் கிடந்தது.
'புறக்காரணம்' என்பதை வெட்டிவிட்டு
'யானை' என்று எழுதினேன்.
இடமும் மிச்சம்.

கழிவு, பூஜ்யம் புள்ளி நான்கு விழுக்காடு.
அதற்குள் இருக்கும் நூற்று முப்பத்தாறை
எனக்கு நேரில் தெரியும்.
செப்டம்பர் முப்பது, இரவு பத்தரை.
காலாண்டின் கடைசி லாரி வாசலில் உறுமிக்கொண்டிருக்க
அளவு அறையிலிருந்து ஷபானா சொன்னாள்: ஆகாது.
பன்னிரண்டு மைக்ரான் பிசகு.
தலைமுடியை ஆறாக வகிர்ந்தால் ஒரு கூறு.
மேனேஜர் லாரியைக் காட்டினார்,
கடிகாரத்தைக் காட்டினார்,
தலைமை அலுவலகம் வரியில் இருந்த போனைக் காட்டினார்.
அவள் டீ குடித்துவிட்டு வந்து
அறை வெப்பம் இருபது என்று பார்த்து
மறுபடி முதலிலிருந்து அளந்தாள்.
ஆகாது.
லாரி காலியாகத் திரும்பியது.
நவம்பரில் பங்கு விலை சறுக்கியது.
அதற்கு நூறு காரணம் சொன்னார்கள்,
அதில் நூற்றியோராவது நாங்கள்.

அறிக்கையின் மொழியில் அது
'தரம் சார்ந்த ஒரு நிகழ்வு'.
என் கணக்கில் நூற்று முப்பத்தாறு கீலும்
பற்றுப் பக்கத்தில்.
பதினான்கு வருடமாக எழுதுகிறேன் அந்தச் சொல்லை.
பற்று.
அன்றுதான் வாய்விட்டுப் படித்தேன்.

கடைசியில் இப்படி எழுதினேன்:
பன்னிரண்டு மைக்ரான் பிசகிய
நூற்று முப்பத்தாறு கீல்கள் அனுப்பப்படவில்லை.
நிகர லாபத்துக்குத் தாளில் இடமில்லை,
ஓரத்தில் செங்குத்தாக நுழைத்தேன்.

மதியம் ஒட்டினேன்.
விற்றுமுதலை யாரும் நின்று பார்க்கவில்லை.
யானை வரியில் கூட்டம்.
ஏழில்லை, ஒன்பது என்றார் பஸ் டிரைவர்.
லகுமய்யா நான் நினைத்தபடியே வந்தார்,
நான் கழிவறைக்குப் போய்விட்டேன்.

மாலை பார்த்தபோது
பன்னிரண்டை யாரோ நீல மையில் அடித்து
பதினொன்று புள்ளி ஆறு
என்று திருத்தியிருந்தார்கள்.
பக்கத்தில் தேதி,
அளவு அறைத் தாள்களில் வரும்
அதே சின்னக் கையொப்பம்.